கோழி இனங்களை அறிந்துகொள்வோம்: குஞ்சு வாங்குமுன் படியுங்கள்

ஊர் திரும்பும் குடும்பங்கள் குறைந்த முதலில் தொடங்கக்கூடிய தொழில்களில் ஒன்று கோழி வளர்ப்பு. ஆனால் "எல்லாம் கோழிதானே" என்று எண்ணிப் பொருந்தாத குஞ்சுகளை வாங்கினால், தீனுக்கே பணம் முடிந்துவிடும். எனவே கோழிகள் எவ்வாறு வகைப்படுத்தப்படுகின்றன என்பதை அறிந்திருப்பது நல்லது.

இனம் எவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது?

ஒவ்வோர் இனமும் எப்படி இருக்க வேண்டும் என்று கூறும் தரவிதி நூல்கள் உண்டு. பிரித்தானியாவில் 1865 இலும் ஐக்கிய அமெரிக்காவில் 1874 இலும் இவை முதலில் வெளிவந்தன. உடலமைப்பு, நிறை, கொண்டையின் வடிவம், காதுமடல், கால், இறகு ஆகியவற்றின் நிறம் என்பன பார்க்கப்படும். உடலமைப்பு இனத்தைக் காட்டும். அதே இனத்துக்குள் இறகின் நிறமோ கொண்டையோ வேறுபட்டால் அது ஒரு வகை. லெகோன் ஓர் இனம். வெள்ளை லெகோன் அதன் ஒரு வகை.

இனங்கள் தோன்றிய இடத்தைக் கொண்டும் பிரிக்கப்படும். லெகோன் மத்தியதரைக்கடற் பிரிவைச் சேர்ந்தது. வெள்ளைக் காதுமடல், வெள்ளை முட்டை. றோட் ஐலண்ட் றெட் அமெரிக்கப் பிரிவு; சிவப்புக் காதுமடல், பழுப்பு முட்டை. ஒஸ்ரலோப் அவுஸ்திரேலியாவில் உருவானது. அதன் மூதாதை இங்கிலாந்தின் ஓர்பிங்டன் என்பதால் அமெரிக்கத் தரவிதி அதனை ஆங்கிலப் பிரிவில் வைத்துள்ளது.

பயனைக் கொண்டு நான்காகப் பிரிக்கலாம்

1. முட்டைக் கோழி: வெள்ளை லெகோன் பேடு ஏறத்தாழ 2 கிலோ நிறையே இருக்கும். நிறைய முட்டையிடும், அடைகிடப்பது அரிது.

2. இறைச்சிக் கோழி: புறொயிலர் தனி இனமன்று. கோர்னிஷ், வெள்ளை பிளிமத் றொக் போன்ற இனங்களிலிருந்து உருவாக்கிய கலப்பினம். ஆறு வாரங்களில் 2 கிலோ அளவுக்கு வளரும். நல்ல தீன், கூடு, குஞ்சுகளுக்கு வெப்பம் எல்லாம் வேண்டும்.

3. இரு பயன் கோழி: றோட் ஐலண்ட் றெட், ஒஸ்ரலோப் போன்றவை. முட்டையும் தரும், பேடு 3 கிலோ அளவில் இருப்பதால் இறைச்சிக்கும் விலைபோகும்.

4. ஊர்க்கோழி: இதற்குத் தரவிதி நூல்களில் இடமில்லை. கழுத்தில் இறகில்லாதவை, இறகு சுருண்டவை எனப் பலவாறு காணப்படும். முட்டை குறைவு. ஆனால் வளவில் மேய்ந்து தன் தீனில் பெரும்பகுதியைத் தானே தேடும். அடைகிடந்து 21 நாளில் குஞ்சு பொரித்துத் தானே வளர்க்கும்.

உங்களுக்கு எது பொருந்தும்?

முட்டையிடும் கலப்பினக் கோழி ஒன்று நாளுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீன் உண்ணும். பத்துக் கோழிக்கு மாதம் 33 கிலோ. வீடு முடியவில்லை, மின்சாரம் வரவில்லை, தீன் கடை தூரம் என்றால் ஊர்க்கோழியுடன் தொடங்குவது பாதுகாப்பானது. கூடும் சந்தையும் அமைந்தபின் இரு பயன் கோழிக்கும், பின்னர் முட்டைக் கோழிக்கும் மாறலாம்.

வாங்கும்போது கவனியுங்கள்

• கலப்பினக் கோழியின் முட்டையை அடைவைத்தால் தாயைப்போன்ற குஞ்சு கிடைக்காது. ஒவ்வொரு முறையும் புதிய குஞ்சு வாங்க வேண்டிவரும்.

• பழுப்பு முட்டையிடும் கலப்பினங்கள் பலவற்றில் பேட்டுக்குஞ்சு பழுப்பாகவும் சேவற்குஞ்சு வெளிர்மஞ்சளாகவும் இருக்கும். மிக மலிவாக விற்கப்படும் "லேயர்" குஞ்சுகள் சேவலாக இருக்கக்கூடும். வாங்குமுன் கேட்டறியுங்கள்.

• எந்த இனமானாலும் இராணிக்கெற் நோய் ஒரு கிழமைக்குள் கூட்டையே வெறுமையாக்கிவிடலாம். புதிய கோழிகளை இரண்டு கிழமை தனியாக வைத்திருங்கள். தடுப்பூசி பற்றி உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரியுங்கள்.

உதவியாகக் குஞ்சு பெறுவோரும் "இது எந்த இனம், அடைகிடக்குமா, என்ன தீன் போட வேண்டும்?" என்று கேளுங்கள். அதை அறிந்துகொள்வது உங்கள் உரிமை.