அமெரிக்கா போன அன்னபூரணி

நம் தாத்தா பாட்டிமார் எந்தக் கப்பலில் வந்தார்கள் என்று லயத்தில் யாரைக் கேட்டாலும், "ரஜூலா" என்று பட்டென்று பதில் வரும். 1926ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் ஐயாயிரம் பேருக்கு மேல் தளத்தில் ஏற்றிக்கொண்டு சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் நடையாய் நடந்தது. பாய் விரிக்க இடம் பிடித்தது, வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தது, ஜெரஜாக் தீவில் அடைத்து வைத்தது, இவையெல்லாம் நம் வீட்டுக் கதைகள். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? கப்பல் வெள்ளைக்காரக் கம்பெனியுடையது. சுக்கான் வேறு யாரோ கையில். நாம் ஏறியவர்கள், இறங்கியவர்கள், அவ்வளவுதான்.

ரிங்லெட்டில் வளரும் நம் பிள்ளைகளுக்கு நீர்ப்பரப்பு என்றால் 1963ல் கட்டி முடித்த அணைக்குப் பின்னால் தேங்கி நிற்கும் ஏரிதான். கப்பலோட்டிய தமிழர் யார் என்று வகுப்பில் கேட்டால் வ.உ.சி. என்பார்கள். 1906ல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியையும் சொல்லிவிடுவார்கள். வேறு யாரும் ஓட்டவில்லையா என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கதை.

யாழ்ப்பாணத்தின் வட கரையில் வல்வெட்டித்துறை என்று ஓர் ஊர். அங்கே கப்பல் வைத்திருப்பது, இங்கே ஒருவர் லோரி வைத்திருப்பது போல. சொந்தக் கப்பல், சொந்த ஊர் மாலுமிகள், சொந்த மேத்திரிமார். கப்பலை நடத்துகிறவரைத் தண்டையல் என்பார்கள். வாடைக்காற்று எப்போது எழும், சோழகம் எப்போது திரும்பும் என்று அவருக்கு அத்துபடி. பாய் விரித்து நாகப்பட்டினம் போவார்கள், பர்மாவுக்குப் போய் அரிசி ஏற்றி வருவார்கள். கரையில் மரத்தைப் போட்டு, காகிதத்தில் வரைபடம் இல்லாமல், கண்ணாலும் முழக்கோலாலும் அளந்தே கட்டுவார்கள். பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் குங்கிலியம் பூசி நீர் புகாமல் அடைப்பதற்குக் கலப்பத்து என்று பெயர். அதில் ஒரு விரற்கடை தவறினால் நடுக்கடலில் பதில் சொல்ல வேண்டும்.

அப்படிக் கட்டிய ஒன்றுதான் "அன்னபூரணி அம்மாள்". ஆண்டு 1930. (நம் பக்கத்துப் போ தேயிலைத் தோட்டம் 1929ல் தொடங்கியது. அங்கே காட்டை வெட்டிக் கன்று நட்டுக்கொண்டிருந்த காலத்தில், அதே தமிழ் பேசும் இன்னொரு கூட்டம் கடற்கரையில் கப்பல் கட்டிக்கொண்டிருந்தது.) வேப்பமரத்தால் ஆனது. நீளம் 89 அடி, அகலம் 19 அடி, இரண்டு பாய்மரம். நம் லயத்தில் ஐந்தாறு வீட்டு வாசலை ஒட்டி நடந்து பாருங்கள், நீளம் புரியும்.

வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் 1928 முதல் 1931 வரை 32 அடிப் படகு ஒன்றில் உலகையே சுற்றி வந்தவர். படகின் நல்லது கெட்டது தெரிந்த மனிதர். உலகத்துத் துறைகளையெல்லாம் பார்த்த அவர், விலை கொடுத்து வாங்கியது வல்வெட்டித்துறைக் கப்பலை! பெயரையும் மாற்றினார். அன்னபூரணி, அவருடைய மனைவியின் பெயரால் "புளோரன்ஸ் சி. ராபின்சன்" ஆனாள்.

பெயரை மாற்றலாம், ஓட்டுவதற்குக் கை வேண்டுமே? அதற்கு வல்வெட்டித்துறை ஆட்களையே வைத்துக்கொண்டார்கள். தண்டையல் தம்பிப்பிள்ளையும் மற்ற நால்வரும். அமெரிக்கக் கப்டன் ஒருவரும் உடனிருந்தார். 1937ல் இலங்கையை விட்டுப் புறப்பட்டு, ஏடன், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்ட்டர் என்று போனார்கள். அதற்கு அப்பால் அட்லாண்டிக். காற்றையும் பாயையும் நம்பிய மரக்கப்பல் அது. பெர்முடாத் தீவைத் தொட்டு, 1938 ஆகஸ்டு முதல் தேதி மசாசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் நங்கூரம் இறக்கியது. குளோஸ்டரும் சாமானிய ஊரில்லை, தலைமுறை தலைமுறையாய்ப் பாய்க்கப்பல் ஓட்டிய மீனவர் ஊர். அவர்கள் முன்னால் போய் நின்றார்கள் நம் ஐந்து பேரும். பாஸ்டன் பத்திரிகை அதைச் செய்தியாகப் போட்டது.

எனக்கு இதில் பிடித்தது தூரம் அல்ல. தூரம் ரஜூலாவும் ஓடியது. நாம் பிள்ளைக்குப் பெயர் வைப்பது போல் கப்பலுக்கு அன்னமிடும் தாயின் பெயரை வைத்தார்களே, அதுதான். ராபின்சன் மாற்றிய பெயர் தாளில் இருக்கிறது. வல்வெட்டித்துறையில் இன்றும் கேட்டால் அன்னபூரணி என்றுதான் சொல்வார்கள், தங்கள் வீட்டுப் பெண்ணை அயலூரில் கட்டிக்கொடுத்தது போல.

பிறகு காலம் மாறியது. 1942ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அரிசி வழி அடைபட்டது. பாய் இருந்த இடத்துக்கு இயந்திரம் வந்தது. தாய்நாட்டுப் பயணம் போகிறவர்கள் தூத்துக்குடிப் பக்கம் போனால் பழைய துறைமுகத்தை ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றும் மரத்தோணிகளை அங்கே பார்க்கலாம். இப்போது எல்லாம் இயந்திரத் தோணிகள்தான். தோணிக்காரர் ஒருவரிடம் பேச்சுக் கொடுங்கள். முதலில் சரக்குக் கூலியைப் பற்றிக் குறைப்படுவார். தோணிக்கு என்ன வயது, அப்பா காலத்தில் பாய் விரித்துக் கொழும்பு போக எத்தனை நாள் ஆனது என்று கேளுங்கள். அப்புறம் பஸ்ஸைத் தவறவிட்டால் என்மேல் கோபிக்கக் கூடாது.