கடல் கடந்தவர்கள் – 9: கூலிக்கு வா, குடியிருக்க வராதே

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் வீதியில், வாழைச்சேனை தாண்டி, காயாங்கேணிக்கும் பனிச்சங்கேணிக்கும் இடையே இருக்கிறது மாங்கேணி. 2004 டிசம்பரில் இந்தக் கரையைக் கடல் அழித்தது. எழுந்து நிற்பதற்குள் 2006, 2007 யுத்தம் வாகரைச் சனத்தை மறுபடியும் அகதியாக்கியது. யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கும் சுவிசுக்கும் போனார்கள். இந்தக் கரையிலிருந்து போகிறவர்களில் பெரும்பாலோர் சவுதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும்தான். கனடாவுக்குப் போக ஏஜென்சிக்காரனுக்குப் பல இலட்சம் கட்டவேண்டும். வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணுக்கோ டிக்கெட்டும் போட்டு, வீட்டாரின் கையில் முன்பணமும் கொடுத்து அனுப்புவார்கள். கடனில் கிடக்கும் வீடு அந்தக் காசை மறுக்குமா?

திரும்பி வந்த பெண்களிடம் பேசினால் பிலிப்பீன்காரியைப் பற்றிச் சொல்லாதவர்கள் குறைவு. "ஒரே குசினி, ஒரே வேலைதான் மனே, அவவுக்குச் சம்பளம் கூட" என்பார்கள். உண்மைதான். தன் நாட்டு வீட்டுப் பணிப்பெண்ணுக்கு மாதம் 400 டொலருக்குக் குறையக்கூடாது என்று பிலிப்பைன்ஸ் அரசு 2006இலேயே விதி செய்தது. இந்த வாரம் அந்தப் பெண்ணின் முன்னோர் அமெரிக்காவில் பட்ட பாட்டைச் சொல்லப்போகிறேன். நம் பெண்களின் கதையை விளங்கிக்கொள்ள அது வேண்டும்.

1898இல் ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்சை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. 1906 டிசம்பரில் 15 பிலிப்பினோ ஆண்கள் ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாக வந்து இறங்கினார்கள். பின்னால் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். கலிபோர்னியாவில் அஸ்பராகஸ் வெட்டினார்கள், திராட்சை பறித்தார்கள். கோடை வந்தால் அலாஸ்காவுக்குப் போய் சால்மன் மீனைத் தகரத்தில் அடைத்தார்கள். அமெரிக்கக் கொடியின் கீழிருந்த நாட்டவர் என்பதால் அவர்கள் அந்நியர் இல்லை. ஆனால் குடிமக்களும் இல்லை. அந்த இடைநிலைதான் முதலாளிக்கு வாய்ப்பாகப் போயிற்று.

வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இளம் ஆண்கள். வெள்ளைக்காரப் பெண்களோடு நடனக்கூடத்தில் ஆடியது பெருங்குற்றமாகப் பார்க்கப்பட்டது. 1930 ஜனவரியில் வாட்சன்வில் ஊரில் வெள்ளையர் கும்பல்கள் நாட்கணக்கில் பிலிப்பினோக்களை வேட்டையாடின. கூலிகள் ஒளிந்திருந்த தங்குமிடத்தின் மீது சுட்டதில் 22 வயது பெர்மின் தொபேரா இறந்தார். 1933இல் கலிபோர்னியா, பிலிப்பினோவும் வெள்ளையரும் மணம் முடிப்பதைச் சட்டமாகவே தடுத்தது. அடுத்த ஆண்டு வந்த டைடிங்ஸ் மெக்டபி சட்டம் பிலிப்பைன்சுக்குச் சுதந்திரம் தருவதாக வாக்களித்தது. அதே சட்டம் பிலிப்பினோக்களை அந்நியராக்கி, ஆண்டுக்கு 50 பேருக்கு மேல் வரக்கூடாது என்றும் எழுதிவைத்தது. 1935இல் இலவசக் கப்பல் டிக்கெட் நீட்டினார்கள்: ஊருக்குப் போ, திரும்பி வராதே. இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான் அதை வாங்கிக்கொண்டு போனார்கள். மற்றவர்களில் பலர் வயலிலேயே, மணமும் பிள்ளையும் இல்லாமல், முதுமைக்குள் போனார்கள். ஒரு சட்டம் ஒரு தலைமுறையின் பிறவாத பிள்ளைகளைத் தின்றது. இதை எழுதும்போது எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

1946இல் குடியுரிமை பெறும் வழி திறந்தது. 1965இல் நாட்டுக்கு நாடு வைத்திருந்த பழைய கணக்கு ஒழிந்து, குடும்பத்தை அழைக்கவும் தாதியர் போன்ற தொழில் தெரிந்தவர்கள் வரவும் இடம் கிடைத்தது. அதே 1965 செப்டம்பர் 8ஆம் திகதி, டெலானோவில் திராட்சை பறித்த பிலிப்பினோக்கள், பெரும்பாலும் முதியவர்கள், லாரி இட்லியோங் தலைமையில் வேலையை நிறுத்தினார்கள். ஒரு வாரம் கழித்து சீசர் சாவேஸின் மெக்சிக்கத் தொழிலாளர் சேர்ந்தார்கள். ஐந்து ஆண்டு போராடி 1970இல் ஒப்பந்தம் வென்றார்கள். தனித்துக் கிழவரானவர்களுக்காக 1974இல் டெலானோவில் ஒரு முதியோர் குடியிருப்பையும் கட்டினார்கள். முதலில் வந்தவர் உழைத்ததும் பின்னால் வந்த தாதி உழைத்ததும் உழைப்புத்தான். இவருக்கு வீடும் பிள்ளையும் வாக்கும் கிடைத்தன, அவருக்குக் கிடைக்கவில்லை. நடுவில் மாறியது சட்டம்.

நம்மவர் கதையிலும் அப்படியே. 1985 ஏப்ரலில் கனடா உச்ச நீதிமன்றம், அகதி என்று சொல்லி வருபவரை நேரில் கூப்பிட்டு விசாரிக்காமல் திருப்பியனுப்பக்கூடாது என்று தீர்த்தது. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை, கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகோட்டி கண்டு காப்பாற்றினார். அவர்களுக்குத் தங்கவும் வேலை செய்யவும் அனுமதி கிடைத்தது. அப்படித் திறந்த கதவால் வந்தவர்கள்தான் டொரொன்டோவின் ஸ்காபரோவில் தமிழ்ச் சமூகத்தை உண்டாக்கினார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த ராதிகா சிற்சபைஈசன் 2011இல் அந்த நாட்டு நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தார்.

மாங்கேணியிலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவளுக்கு அந்தக் கதவு இல்லை. அவளுடைய அகாமா, அதாவது அங்கே தங்கும் அனுமதி, வீட்டுக்காரனின் கையெழுத்தில் தொங்குகிறது. இருபது வருடம் ஒரு வீட்டின் பிள்ளைகளை வளர்த்தாலும், அந்த மண்ணில் ஒரு நாள் கூடுதலாக நிற்க அவளுக்கு உரிமை வராது. 1930இன் கலிபோர்னியா இன்று அந்தக் குசினிக்குள் இருக்கிறது. அங்கே பிலிப்பீன்காரியும் நம்மவளும் ஒரே நிலைதான். வேறுபடுவது அவர்கள் பின்னால் நிற்கும் அரசு.

1995 மார்ச்சில் சிங்கப்பூர், ப்ளோர் கொன்டெம்ப்ளாசியோன் என்ற பிலிப்பினோப் பணிப்பெண்ணைத் தூக்கிலிட்டது. பிலிப்பைன்ஸ் நாடே தெருவில் இறங்கியது. மூன்று மாதத்துக்குள் வெளிநாட்டுத் தொழிலாளரைக் காக்கும் சட்டம் நிறைவேறியது. 2013 ஜனவரி 9ஆம் திகதி, மூதூரிலிருந்து வீட்டுவேலைக்குப் போன ரிசானா நபீக்கை சவுதி தலை வெட்டிக் கொன்றது. வயதைக் கூட்டிய கடவுச்சீட்டோடு, 17 வயதில், வறுமை அனுப்பிய பிள்ளை. அந்த ஆண்டு நம் அரசு கேட்டது குடும்பப் பின்னணி அறிக்கை: ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் போகக்கூடாது என்றது. தகப்பனைப் பற்றி அந்தக் கேள்வி இருக்கவில்லை. கடனைப் பற்றியும் இல்லை.

வெளிநாட்டிலுள்ள பிலிப்பினோக்கள் 2004ஆம் ஆண்டிலிருந்து இருந்த இடத்திலிருந்தே வாக்களிக்கிறார்கள். 2024 ஜனாதிபதித் தேர்தலிலும் நம் பெண்களுக்கு அந்த வழி இருக்கவில்லை. அவர்கள் அனுப்பும் காசில் டொலர் கையிருப்பைத் தாங்கும் நாடு, அவர்களுக்கு ஒரு வாக்குச்சீட்டை அனுப்ப வேண்டும்.

(தொடரும்)