கடலோரத்திலே நல்ல தண்ணீர்! மழை செய்யும் மாயம்

விழுப்புரம் மாவட்டத்தின் கடலோர ஊர் மரக்காணம். உப்புக்குப் பெயர் பெற்றது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை உப்புப் பாத்திகள்!

வெயில் அடித்தால் உப்பு விளையும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பாத்திகள் மூழ்கும், வேலை நின்றுவிடும். உப்பளத் தொழிலாளர் வீட்டில் அடுப்பு எரிவதே கஷ்டம்.

ஆனால், அதே மழைதான் கடலோர மக்களுக்குக் குடிநீர் தருகிறது. எப்படி?

உப்பின் மேல் மிதக்கும் நீர்

கடலோர மணல்மேட்டில் பெய்யும் மழை, மணலுக்குள் இறங்குகிறது. அடியிலே கடலின் உப்புநீர் இருக்கிறது. உப்புநீர் கனமானது; மழைநீர் இலேசானது. ஆகவே, தண்ணீரின் மேல் எண்ணெய் நிற்பது போல, நல்ல நீர் மேலே நிற்கிறது.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல நீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல நீர் இருக்கும். ஹாலந்து, ஜெர்மனி நாட்டு நிபுணர்கள் 100 ஆண்டுகளுக்கு முன்பே கண்டு சொன்னது இது.

மேலே 1 அடி குறைந்தால்? கீழே உப்புநீர் 40 அடி ஏறிவிடும்!

யாழ்ப்பாணத்துக் கிணறு

இலங்கையின் யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான். அங்கே மணலுக்குப் பதில் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் அந்தப் பாறையைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கரைத்து, பொந்தும் குகையும் ஆக்கிவிட்டது. பெய்யும் மழை அவற்றின் வழியே விரைவாக உள்ளே இறங்குகிறது. வற்றாத ஆறு அங்கே கிடையாது. கிணறுகளே கதி!

புத்தூர் அருகே நிலாவரைக் கிணறு இருக்கிறது. இராமர் அம்பு எய்து உண்டாக்கியது என்பார்கள். அதில் மேலே நல்ல நீர், ஆழத்தில் உப்புநீர்!

கீரிமலையில் கடலை ஒட்டியே நல்ல நீர் ஊற்று பாய்கிறது. மழை பெய்தால் நிலத்தடி நீர் உயரும். உயர்ந்த நீர் பாறைப் பொந்துகள் வழியே கடலை நோக்கி ஓடும். அதுவே கரையில் ஊற்றாக வெளிவருகிறது. மழை பொய்த்தால் ஊற்றின் வேகமும் குறையும்.

அளவோடு இறையுங்கள்

மழை தருவதைவிட அதிகமாக இறைத்தால் என்ன ஆகும்? சென்னைக்கு வடக்கே மீஞ்சூரைப் பாருங்கள். மோட்டார் வைத்து அளவுக்கு மிஞ்சி இறைத்ததால், 1960-களின் பிற்பகுதியிலேயே கடல்நீர் நிலத்தடியில் புகுந்துவிட்டது. புகுந்த உப்பை விரட்டுவது எளிதல்ல. பல ஆண்டு மழை வேண்டும்.

கடலோரத்தில் வசிக்கிறீர்களா? கூரையில் விழும் மழைநீரை வீணாக்காமல் மண்ணுக்குள் இறக்குங்கள். கிணற்றில் அளவோடு இறையுங்கள். கடலைத் தடுத்து நிறுத்தும் சுவர், அந்த மழைநீர்தான்!