பர்த்டே பார்ட்டியில் ஃபேஸ் பெயின்ட்டிங்... முகத்துக்குப் போகும் முன் டப்பாவைப் பாருங்க!

கேக் வெட்டுறதுக்கு முன்னாடியே ஒரு மூலையில் கியூ நிற்கும். "அக்கா, எனக்குப் புலி!", "எனக்கு ஸ்பைடர்மேன்!" ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம்னா புலிக்கு டிமாண்ட் இருப்பதில் ஒரு நியாயமும் இருக்கு. 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் பக்கத்து மலையில்தானே இருக்கு!

ஆனா, அந்தப் புலியை வரைவது எந்தப் பெயின்ட்டில்? வாடகை ஹாலோ, வீட்டு மொட்டை மாடியோ, முதல்ல கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

பலரும் செய்யும் தப்பு, ஸ்டேஷனரி கடையில் வாங்கிய போஸ்டர் கலரையோ அக்ரிலிக்கையோ முகத்தில் பூசுவது. "நான்-டாக்சிக்னு போட்டிருக்கே" என்பீர்கள். அது ஓவியப் பொருளாகப் பயன்படுத்தும்போது நச்சில்லை என்பதற்கான உத்தரவாதம்தான். தோலில் பூசலாம் என்பதற்கான அனுமதி இல்லை. அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக் படலம் மாதிரி ஒட்டிக்கும். உரிக்கும்போது பூனை முடியும் சேர்ந்து வரும், பிஞ்சுத் தோல் சிவந்துபோகும்.

முகத்துக்கென்றே தயாரித்த பெயின்ட் காஸ்மெட்டிக் வகையில் வரும். இந்தியாவில் தயாரானதென்றால் லேபிளில் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், எதற்குள் பயன்படுத்த வேண்டும் என்ற தேதி, சேர்மானங்கள் எல்லாம் இருக்கணும். லேபிளே இல்லாத டப்பாவா? வேண்டாம்னு சொல்லிடுங்க. பார்ட்டி நடத்துறவங்க கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை.

முகத்துக்கான பெயின்ட்டே என்றாலும் முழுசா நம்ப முடியாது. 2009-ல் அமெரிக்காவில் ஒரு நிகழ்ச்சியில் ஃபேஸ் பெயின்ட் பூசிய குழந்தைகளுக்கு அரிப்பு, எரிச்சல், வீக்கம் வந்தது. அந்தப் பெயின்ட்டைச் சோதித்தபோது கிருமிகள் கலந்திருப்பது தெரிந்து, சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றார்கள். அதனால் ரெண்டு நாளைக்கு முன்னாடியே குழந்தையின் கையில் ஒரு பொட்டளவு தடவிப் பாருங்க. சிவந்தாலோ அரித்தாலோ முகத்துக்குப் போகவே வேண்டாம்.

அடுத்தது ஸ்பான்ஜ். இருபது குழந்தைக்கும் ஒரே ஸ்பான்ஜ், ஒரே கப் தண்ணீர் என்றால், ஒருத்தருக்கு இருக்கும் 'மெட்ராஸ் ஐ' எல்லாருக்கும் போகலாம். ஆளுக்கொரு ஸ்பான்ஜ் துண்டு போதும், பெரிய செலவில்லை. கண் வலி, சளி, முகத்தில் புண் இருக்கும் குழந்தைக்குக் கையில் வரைஞ்சு விடலாம்.

கிளிட்டர்? கிராஃப்ட் கடை ஜிகினா கண்ணுக்குள் போனால் கருவிழியைக் கீறிவிடும். காஸ்மெட்டிக் கிளிட்டர் என்றாலும் கண்ணைவிட்டுத் தள்ளியே இருக்கட்டும்.

முழு முகமும் பூசணும்னு கட்டாயமும் இல்லை. நம்ம ஊர் வெயிலில் வியர்த்து வழிஞ்சா அது கண்ணுக்குள்தான் இறங்கும். ராஜபாளையம் நாய்க்கு இளஞ்சிவப்பு மூக்குதானே அழகு? மூக்கு நுனியில் ஒரு பிங்க் புள்ளி, கன்னத்தில் நாலு மீசைக் கோடு... முடிஞ்சது. ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயத்து சாம்பல் நிற அணிலைக் கன்னத்தில் மட்டும் குட்டியா வரையலாம்.

வீட்டுக்கு வந்ததும் "கழுவ மாட்டேன்"னு அழுகை ஆரம்பிக்கும். ஒரு போட்டோ எடுத்துட்டு, தூங்கும் முன்னாடி கழுவிடுங்க. வாட்டர் பேஸ்டு பெயின்ட் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரும் குழந்தை சோப்பும் போதும். எண்ணெய்ப் பசையுள்ள பெயின்ட்டுக்கு முதலில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, பஞ்சால் ஒற்றி எடுங்க. தேய்க்காதீங்க. கண்ணில் பட்டிருந்தால் சுத்தமான தண்ணீரில் நல்லா அலசிவிட்டு, உறுத்தல் நிற்கலைன்னா அன்னிக்கே கண் டாக்டரிடம் காட்டிடுங்க. போகும்போது அந்தப் பெயின்ட் டப்பாவின் லேபிளையும் போட்டோ எடுத்துட்டுப் போங்க.