இணையத்தில் பெயர் வகுக்கும் முறை

பொத்துவிலுக்கு வரும் கடிதமொன்றின் முகவரி சிறியதில் தொடங்கிப் பெரியதில் முடியும். முதலிலே பெறுபவரின் பெயர், அடுத்து வீதி, அதன்பின் ஊர், ஈற்றிலே நாடு. இணையத்தில் வழங்கும் முகவரிகளும் இவ்வொழுங்கையே தழுவியவை. இவற்றை ஆள்களப் பெயர்கள் என்பர். ஓர் ஆள்களத்தினுள்ளே பிரிந்து நிற்பது உப ஆள்களம். அமெரிக்க அறிஞராகிய போல் மொக்கபெட்ரிஸ் 1983ஆம் ஆண்டில் இம்முறைமையை வகுத்தார். இலங்கைக்குரிய 'எல்.கே.' என்னும் ஈறு 1990இல் ஏற்பட்டது. 'இலங்கை' என்று தமிழிலேயே எழுதப்படும் ஈறு 2010இல் அதனுடன் சேர்ந்தது.

இம்முறைமையின் உயிர்நாடி பொறுப்பைப் பகிர்ந்தளித்தலாகும். ஒரு பெயரை உடையவர் அதன்கீழ் எத்தனை கிளைகளையும் அமைக்கலாம். ஒரு கிளையைப் பிறர் பொறுப்பில் விடவும் செய்யலாம். பொத்துவிலையே எடுத்துக்கொள்க. அங்கே அரச நிர்வாகத்தைச் சார்ந்த பிரதேச செயலகம் ஒன்று. மக்கள் வாக்களித்துத் தெரியும் பிரதேச சபை மற்றொன்று. ஊர் ஒன்றே, பொறுப்புகள் வேறு. ஆகவே, அரச ஆள்களத்தினுள்ளே செயலகங்களுக்கு 'டி.எஸ்.' என்றும், பிரதேச சபைகளுக்கு 'பி.எஸ்.' என்றும், கல்முனை போன்ற மாநகர சபைகளுக்கு 'எம்.சி.' என்றும் தனித்தனிக் கிளைகள் வகுக்கப்பட்டுள்ளன. ஓர் ஊரின் பெயர் இரு கிளைகளில் வந்தாலும் மயக்கம் நேராது.

இனி, பலர் பகிரும் உள்ளடக்க முகாமைத்துவ முறைமைக்கு வருவோம். இணையத்தளத்தின் எழுத்துகளையும் படங்களையும் ஏற்றவும் மாற்றவும் உதவும் கருவியே அது. அறுகம்குடாவின் விருந்தினர் விடுதிகள் இருபதுக்கு ஒருவர் இத்தகைய முறைமை ஒன்றையே அமைத்துக் கொடுக்கிறார் எனக் கொள்க. கணினி ஒன்று, தளங்கள் இருபது. எவருடைய பக்கத்தைக் காட்டுவதென்று கணினி எவ்வாறு அறியும்? வருகின்ற ஒவ்வொரு வேண்டுகோளும் தான் நாடும் பெயரையும் தாங்கி வருகிறது. 1997இல் வெளியான எச்.டி.டி.பி. 1.1 விதி இதனைக் கட்டாயமாக்கியது. அப்பெயரைக் கண்டே கணினி உரிய பக்கத்தை எடுத்தளிக்கிறது.

விடுதிகளுக்குப் பெயரிட வழிகள் மூன்று. அமைப்பாளரின் முகவரியை அடுத்துச் சாய்கோடிட்டு விடுதியின் பெயரை எழுதுவது ஒன்று. அவரது ஆள்களத்தின்கீழ் விடுதிக்கோர் உப ஆள்களம் தருவது மற்றொன்று. விடுதிக்காரர் தம் பெயரிலேயே ஆள்களத்தைப் பதிந்து, அதனை அமைப்பாளரின் கணினிக்குச் சுட்டுவது மூன்றாவது. முதலிரண்டும் எளியவை, செலவு குறைந்தவை. மூன்றாவதற்கு ஆண்டுதோறும் கட்டணம் உண்டு.

எனினும், கடலலையில் சறுக்கி விளையாட வரும் அயல்நாட்டார் மே முதல் ஒக்ரோபர் வரையே அங்கு மிகுதி. அவர்கள் கேட்டறிந்த பெயர், வரைபடத்தில் பதிந்த பெயர், பெயர்ப்பலகையில் எழுதிய பெயர் எல்லாம் அமைப்பாளருக்குரிய கிளையாயின், அவர் தொழிலை விடும் நாளில் விடுதிக்காரர் பல பருவங்களாகத் தேடிய பெயர் அவருடன் போய்விடும். சொந்தப் பெயராயின், சுட்டும் திசையை மாற்றினாற் போதும். வருவோர் வழி தவறார்.

அமைப்பாளர் கவனிக்க வேண்டியனவும் சில உள. உப ஆள்களம் தருவாராயின், ஒரே படியில் தருதல் நலம். கிளைகள் அனைத்தையும் காக்கும் பொதுப் பாதுகாப்புச் சான்றிதழ் ஒரு படியை மட்டுமே காக்கும். கிளையின் கிளைக்கு அது செல்லாது. மேலும், நிர்வாக நுழைவாயிலை வாடிக்கையாளர் பக்கங்களுள்ள ஆள்களத்தில் வைத்தல் தகாது. தாய்ப் பெயருக்கென வழங்கிய நுழைவு அடையாளத்தை உலாவி கிளைகள் அனைத்திற்கும் அனுப்பும். ஒரு விடுதியின் பக்கத்திற் புகுந்த தீங்கு, நிர்வாகத்தின் திறவுகோலையே கவர்ந்துவிடக்கூடும். ஆதலின் அதற்கு வேறோர் ஆள்களம் வேண்டும்.

சுருங்கக் கூறின், பெயரின் கிளைகள் பொறுப்பின் கிளைகளைப் பின்பற்றுதல் வேண்டும். கணினி பொதுவாக இருக்கலாம். பெயர் உரியவரிடமே இருத்தல் வேண்டும்.