சைக்கோசிஸ்: இளைஞர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் குழுச் சிகிச்சை

சைக்கோசிஸ் ஒரு தனி நோயின் பெயரல்ல. யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்பது, தன்னை வேவு பார்க்கிறார்கள், சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்று அசைக்க முடியாதபடி நம்புவது, பேச்சு கோவையில்லாமல் போவது போன்ற அறிகுறிகளின் தொகுப்பு அது. மனச்சிதைவு நோயில் வரும். இருமுனைக் கோளாறிலும் கடும் மனச்சோர்விலும் வரலாம். கஞ்சா போன்ற போதைப்பொருள்கள் தூண்டிவிடுவதும் உண்டு. நூறு பேரில் ஏறத்தாழ மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்நிலை ஏற்படுகிறது. முதல்முறை வருவது பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலிருந்து இருபதுகளின் நடுப்பகுதிக்குள். படிப்பு முடியும், வேலை தேடும் பருவம் அது. அதனால் குரல் நின்றுவிட்டாலும், கையைவிட்டுப் போன படிப்பும் நட்பும் தாமாகத் திரும்புவதில்லை.

தாமதம் எங்கே நேர்கிறது

குரல் கேட்பதில் இது தொடங்குவது அரிது. அதற்குப் பல மாதங்கள் முன்பே தூக்கம் தலைகீழாகும். நன்றாகப் படித்தவருக்கு அரியர் விழும். நண்பர்களின் அழைப்பை எடுப்பது நிற்கும். குளிப்பதற்கும் உடை மாற்றுவதற்கும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போகும். வீட்டார் இதைச் சோம்பல் என்றோ காதல் தோல்வி என்றோ செல்போன் பழக்கம் என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். சந்தேகமும் தனக்குத்தானே பேசுவதும் வெளிப்படையான பிறகும், நம் ஊரில் பலர் மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டே மருத்துவரிடம் வருகிறார்கள். வழிபாட்டால் கெடுதல் இல்லை. அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதில்தான் கெடுதல்.

தாமதம் நம்மூர்க் குறை மட்டுமல்ல. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் 2008-இல் தொடங்கிய 'ரெய்ஸ்' திட்டத்தின் பெரிய ஆய்வில் 404 இளைஞர்கள் பங்கேற்றனர். அறிகுறி தோன்றியதற்கும் சிகிச்சை தொடங்கியதற்கும் இடைப்பட்ட காலத்தின் நடுமதிப்பு 74 வாரங்கள். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு.

இந்த இடைவெளியைக் குறைக்க முடியும் என்று காட்டியது நார்வேயின் ரோகலாந்து மாவட்டம். அங்கே செய்தித்தாளிலும் வானொலியிலும் திரையரங்குகளிலும் அறிகுறிகளை விளம்பரப்படுத்தினார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நோயாளி வருவதற்குக் காத்திராமல், அழைத்தால் உடனே நேரில் சென்று பார்க்க ஒரு குழுவை வைத்தார்கள். அங்கே தாமதத்தின் நடுமதிப்பு 5 வாரங்களாக இருந்தது. அத்தகைய ஏற்பாடு இல்லாத, ஒப்பிடப்பட்ட பகுதிகளில் 16 வாரங்கள். விளம்பரத்தை நிறுத்தியதும் தாமதம் மறுபடி ஏறியது. பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது, முழுமையாகத் தேறியவர்கள் முதல் பகுதியில் சுமார் 31 சதவீதம், மற்றவற்றில் 15 சதவீதம்.

குழு என்ன செய்கிறது

ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் பேட்ரிக் மெக்கோரியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1992-இல் மெல்போர்னில் இளைஞர்களுக்கெனத் தனிச் சேவை ஒன்றைத் தொடங்கினர். டென்மார்க், இங்கிலாந்து, கனடா ஆகிய நாடுகளில் இதே வழி பரவியது. ஒவ்வொரு நாட்டிலும் பெயர் வேறு, அடிப்படை ஒன்றுதான். மனநல மருத்துவர், உளவியல் சிகிச்சையாளர், குடும்பத்தாருடன் பேசுபவர், படிப்புக்கும் வேலைக்கும் துணை நிற்பவர் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். வாரம் ஒருமுறை கூடி ஒவ்வொருவரைப் பற்றியும் பேசுவார்கள். ஒரு பணியாளரின் பொறுப்பில் சிலரே இருப்பார்கள். டென்மார்க்கின் 'ஓப்பஸ்' திட்டத்தில் சுமார் பத்துப் பேர்.

கூடிப் பேசுவதில் என்ன பயன்? கல்லூரிக்குத் திரும்பிய ஒரு மாணவரை எடுத்துக்கொள்ளலாம். முதல் வகுப்பு காலை எட்டரைக்கு. இரவு மாத்திரையின் மயக்கத்தில் ஒன்பது வரை எழ முடியவில்லை. இதை அவர் மருத்துவரிடம் சொல்லமாட்டார், மாத்திரையைத்தான் நிறுத்திவிடுவார். படிப்புக்குத் துணை நிற்பவர் வருகைப்பதிவு குறைவதைக் கண்டு காரணம் கேட்பார். அந்த வாரக் கூட்டத்தில் விஷயம் மருத்துவருக்குப் போகும். மாத்திரை நேரமோ அளவோ மாறும். பேருந்தில் குரல்கள் உரக்கின்றன என்பதை உளவியலாளர் எடுத்துக்கொள்வார். குரல் பொய் என்று அவர் வாதாடமாட்டார். எப்போது கூடுகிறது, எப்போது தணிகிறது, அது சொன்னதைச் செய்யாதபோது என்ன நடந்தது என்று கேட்டுக்கேட்டு அதன் பிடியைத் தளர்த்துவார். வீட்டில் அம்மாவிடமோ, படுத்தே கிடப்பது சோம்பல் அல்ல, நோயின் இன்னொரு முகம் என்பதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கும். வீட்டில் ஓயாத குறைகூறல் இருந்தால் நோய் மீண்டும் தலைதூக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது பல ஆய்வுகளில் தெரிந்த உண்மை.

வேலை விஷயத்தில் பழைய முறை வேறு: முழுதாகக் குணமாகட்டும், பிறகு பார்க்கலாம் என்பது. இந்தச் சேவைகள் அதைக் கைவிட்டன. விருப்பம் இருந்தால் உடனே தேடலாம். சேர்ந்த பின்னும் துணை தொடரும். இந்தச் சிகிச்சை முறையில் மிகவும் குறைவாக மதிக்கப்படும் பகுதி இதுவே. இளைஞர்கள் கேட்டு வருவதோ பெரும்பாலும் இதைத்தான்.

மருந்து

முதலில் தைராய்டு கோளாறு, வலிப்பு, மூளையழற்சி, போதைப்பொருள் போன்ற காரணங்கள் உண்டா என்று பார்க்க வேண்டும். முதல்முறை பாதிக்கப்பட்டவர்களுக்குக் குறைந்த அளவு மருந்தே பெரும்பாலும் போதும். பக்கவிளைவுகளும் அவர்களையே அதிகம் தாக்கும். உடல் எடை சில மாதங்களில் மளமளவென்று ஏறலாம். ஆகவே எடை, இடுப்பளவு, ரத்தச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைத் தொடக்கத்திலிருந்தே குறித்துவர வேண்டும். இரண்டு மருந்துகளைப் போதிய அளவும் காலமும் கொடுத்தும் பலனில்லையென்றால் குளோசபின் கொடுக்கலாம். அதற்கு ரத்தப் பரிசோதனை தவறக்கூடாது. நலமாகிவிட்டது என்று மருந்தைத் தாமாக நிறுத்துவதே மறுதாக்கத்துக்கு முக்கியக் காரணம். நிறுத்த விரும்புபவர் குழுவிடம் சொல்லி, மெல்ல மெல்லக் குறைப்பதே பாதுகாப்பானது.

பலன் எவ்வளவு

ரெய்ஸ் ஆய்வில் 21 மாநிலங்களைச் சேர்ந்த 34 மையங்கள் இருந்தன. பாதியில் குழுச் சிகிச்சை, மீதியில் வழக்கமான சிகிச்சை. குழுவிடம் வந்தவர்கள் நடுமதிப்பாக 23 மாதங்கள் சிகிச்சையில் நீடித்தனர். மற்றவர்கள் 17 மாதங்கள். வாழ்க்கைத் தரமும் அறிகுறிகளும் கூடுதலாக மேம்பட்டன. படிப்பிலும் வேலையிலும் ஈடுபட்டவர்கள் அதிகம். மருத்துவமனையில் சேரும் விகிதத்தில் மட்டும் பெரிய வேறுபாடு இல்லை. 74 வாரங்களுக்கு முன்பே வந்தவர்களுக்குப் பலன் தெளிவாக அதிகம். தாமதமாக வந்தவர்களுக்குக் குறைவு.

சாரதா மேனன் 1984-இல் சென்னையில் நிறுவிய 'ஸ்கார்ஃப்' அமைப்பும் கனடாவின் மான்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகக் குழுவும் ஒரே மாதிரியான இரண்டு ஆண்டுச் சிகிச்சையை இரு நகரங்களிலும் அளித்து ஒப்பிட்டன. சென்னையில் 168 பேர், மான்ட்ரியலில் 165 பேர். குரல், சந்தேகம் போன்ற அறிகுறிகள் இரண்டு ஊரிலும் ஏறத்தாழ ஒரே அளவில் தணிந்தன. ஒதுங்கிப்போதல், ஊக்கமின்மை ஆகியவை சென்னையில் கூடுதலாகக் குறைந்தன. இங்கே குடும்பம் சிகிச்சைக் குழுவுடன் விடாமல் தொடர்பில் இருந்தது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பணக்கார நாட்டு மருத்துவமனைகள் கூலி கொடுத்து உருவாக்கப் பார்க்கும் ஒன்று நம் வீடுகளில் முன்பே இருக்கிறது. அதே வீட்டில் பராமரிப்பவரின் களைப்பும் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எத்தனை காலம்

பெரும்பாலான திட்டங்கள் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளில் முடிகின்றன. ஓப்பஸில் 547 பேரைத் தொடர்ந்து கவனித்தபோது, இரண்டு ஆண்டு முடிவில் தெரிந்த நன்மைகளில் பெரும்பகுதி ஐந்தாம் ஆண்டில் மங்கியிருந்தது. அதே சேவையை ஐந்து ஆண்டுக்கு நீட்டித்த டென்மார்க் ஆய்வில் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. மான்ட்ரியலில் நீட்டித்தபோது கிடைத்தது. இந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை.

எங்கே செல்வது

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் தொடங்கலாம். மத்திய அரசின் டெலி-மானஸ் தொலைபேசி ஆலோசனை 14416 என்ற எண்ணில் தமிழிலும் கிடைக்கிறது, கட்டணம் இல்லை. போகும்போது மாற்றங்கள் எந்த மாதத்தில் தொடங்கின, தூக்கம், சாப்பாடு, படிப்பு எப்படி மாறின, என்னென்ன மருந்து உட்கொண்டார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது மருத்துவருக்குப் பெரிதும் உதவும். தற்கொலை பற்றிப் பேசினாலோ, பிறரைத் தாக்கும்படி குரல்கள் சொல்வதாகக் கூறினாலோ அடுத்த நாள்வரை காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.