நெருப்புக்குக் காத்திருக்கும் விதைகள்

காடு என்றாலே நமக்கு மழைக்காடுதான் நினைவுக்கு வரும். காட்டுத்தீ என்றால் அழிவு என்றே எண்ணுகிறோம். ஆனால், தீயினால் புத்துயிர் பெறும் காடும் உலகில் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துக் கடலோர மலைகளில் அதனைக் காணலாம்.

அங்கு மழை பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் பெய்யும். கோடை முழுவதும் வறட்சி. ஈரம் சற்று மிகுந்த சரிவுகளில் ஓக் எனப்படும் கருவாலி மரங்கள் வளர்கின்றன. வெயில் காயும் சரிவுகளில் ‘சாப்பரல்’ எனும் புதர்க்காடு அடர்ந்துள்ளது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்களமாக 1937 முதல் விளங்கும் ஹேஸ்டிங்ஸ் காப்பகத்தில் இவ்விரண்டும் அருகருகே உள்ளன.

ஓக் கொட்டைகளே அங்குள்ள பல உயிர்களுக்கு உணவு. கூட்டமாக வாழும் ஒரு வகை மரங்கொத்தி, மரப்பட்டையில் துளையிட்டு, துளைக்கு ஒன்றாகக் கொட்டைகளைச் செருகி வைக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பயன்படும் ஒரே மரத்தில் ஆயிரக்கணக்கான துளைகள் இருக்கும். ஜே எனும் நீலப்பறவையோ கொட்டைகளை மண்ணில் புதைக்கிறது. அது திரும்ப எடுக்காமல் விட்டவற்றுள் சில முளைத்து மரமாகின்றன.

சாப்பரல் செடிகளின் இலைகள் சிறியவை, தடித்தவை. நீரை எளிதில் இழப்பதில்லை. தீ பரவினால் புதர்கள் கருகிவிடும். ஆயினும், ‘சமீஸ்’ செடி அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது. ‘மன்சானீட்டா’ இனங்கள் பல அடியோடு மடிந்தாலும், பல ஆண்டுகளாக மண்ணில் உறங்கிய அவற்றின் விதைகளைத் தீயின் வெப்பமும் புகையும் கரியும் எழுப்பிவிடுகின்றன. அடுத்த வசந்தத்தில் கருகிய சரிவெங்கும் காட்டுப்பூக்கள் மலர்கின்றன.

அப்படியானால் தீ நல்லதுதானா? அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர். விதையிலிருந்து எழுந்த செடி வளர்ந்து, போதிய விதைகளை மண்ணில் சேர்க்கப் பல ஆண்டுகள் வேண்டும். அதற்குள் மீண்டும் தீப்பிடித்தால் இளஞ்செடிகள் மடியும். முளைக்க விதையும் இராது. அவ்விடத்தை அயல்நாட்டுப் புற்கள் பிடித்துக்கொள்கின்றன. கோடையில் காய்ந்துவிடும் அப்புற்கள் எளிதில் தீப்பற்றி, அடுத்த தீக்கும் வழிவகுக்கின்றன.

இப்பகுதியில் மின்னலைவிட மனிதர்களாலேயே பெரும்பாலும் தீ மூள்கிறது. ஆகவே, தீயைத் தாங்கும் இக்காட்டையும் நம் கவனக்குறைவு அழித்துவிடக்கூடும். நெருப்புக்காகப் பொறுமையுடன் காத்திருக்கும் விதைக்கு, நெருப்புக்குப் பின் வளரவும் அவகாசம் வேண்டுமல்லவா?